விடையை வீட்டிலேயே சொல்லி அனுப்பாதீர்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது, மூன்றாம் வகுப்பில் சேர்ந்த மகள் அறிவியல் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். "நாலு பிள்ளைகளை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள், டீச்சர் எப்போதுங்க பாடம் நடத்துவார்?" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பேச்சுதான் பாடம், அம்மிணி. பவானிக்காரனான எனக்கே அது பிடிபட இரண்டு வருடம் ஆனது. இங்கே அறிவியல் தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான். அதனால் அவள் எதையும் தவறவிடவில்லை.

என் மகனுக்கு நான் அடுத்த பாடத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்யவைத்து அனுப்புவேன். குழுவில் விடையை ஒப்பித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானாம். ஐந்தாம் வகுப்பில் அதை விட்டேன். அப்போதுதான் ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளரைக் கொடுத்து, வெளியே துளிர்த்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "மண்பானை மாதிரி உள்ளிருந்து கசிந்தது" என்றானாம். அப்பிச்சி வீட்டு மண்பானை கசிவதைப் பார்த்தவன் அல்லவா! ஆசிரியர் தப்பு என்று சொல்லவில்லை. பானையில் நுண்துளை உண்டு, கண்ணாடியில் ஏது என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். தண்ணீரில் சிவப்புச் சாயம் கலப்போம், கசிந்தால் வெளித்துளியும் சிவக்க வேண்டுமே என்றாளாம் ஒரு சிறுமி. கலந்து பார்த்தார்கள். துளியில் நிறமே இல்லை. காற்றிலிருந்த நீராவிதான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு, வெப்பத்தை இழந்து நீராகியிருக்கிறது. இவன் மண்பானையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சாய யோசனை யாருக்கும் வந்திருக்காது. அன்று ராத்திரி சோற்றுக்கு உட்காராமல் எனக்கும் அதைச் செய்து காட்டினான்.

மார்க் பற்றிய கவலை புரிகிறது. ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பி.எஸ்.எல்.இ. என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அறிவியல் தாளின் ஒரு பகுதியே காரணத்தை விளக்கி எழுதுவதுதான். வாயால் விளக்கிப் பழகிய பிள்ளைக்கு அது கைவரும்.

உங்கள் மகளைத் தடுப்பது அநேகமாக ஆங்கிலம்தான். முதலில் ஒரே ஒரு தோழியோடு பேசவிட்டு, அளந்து குறித்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டில் தமிழிலேயே யோசிக்கட்டும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதை ஊரில் பார்த்திருப்பாள். நீங்களே கலந்து வைத்து, ஏன் என்று கேளுங்கள். சுண்ணாம்புக்குப் பதில் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவள் ஊகிக்கட்டும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகும். அதை மட்டும் முன்னாடியே சொல்லிவிடாதீர்கள்.