பேஸ்மென்றில் 16 பாகை குளிர், வீட்டுக்காரர் நம்ம ஊர் ஆள்: யாரிடம் போவது?

ஆரையம்பதியில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளும் மருமகனும் ஆவணி மாதம் கனடா போனவர்கள். மகள் மாஸ்டர்ஸ் படிக்கிறார், மருமகன் வேலை பர்மிற்றில் வெயர்ஹவுஸ் ஒன்றில் வேலை. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் களுவாஞ்சிக்குடி ஆள், தூரத்துச் சொந்தம். ஹீற்றைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேல் வீட்டில் இருக்கிறது, கீழே 16, 17 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஜக்கெற்றோடு படுக்கிறார்கள், கட்டில் பக்கச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. கேட்டால், "பில் கூடுது, மாதம் 150 டொலர் மேலதிகமாகத் தாங்க" என்கிறாராம். இதற்குள் மட்டக்களப்பு டவுனில் இருக்கிற ஏஜென்சிக்காரர், "முறைப்பாடு கிறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை, 800 டொலர் கட்டுங்க, நான் கதைத்துத் தீர்த்து வேறு வீடும் எடுத்துத் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கிற வீட்டுக்காரரின் அண்ணனிடம் போய்ப் பேசுவதா, ஏஜென்சிக்குக் காசு கட்டுவதா, பிள்ளைகளை ஒரு ஹீற்றர் வாங்கச் சொல்வதா என்பதுதான் அம்மாவின் கேள்வி. மகள் போனில் அழுகிறாராம், கொழும்பில் தடித்த ஜக்கெற் வாங்கி அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் இரண்டும் வேண்டாம் அம்மா. ஹீற்றர் வாங்கலாம், ஆனால் அது நாலு நாள் சமாளிப்புக்குத்தான், தீர்வு அதுவல்ல.

நான் ரொறன்ரோவில் பல வருடம் வாடகையாளர் உதவி வேலையில் இருந்துவிட்டு இப்போது கல்லடியில் இருந்து வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு மார்கழியும் வரும். வருகிறவர்கள் எல்லோரும் ஹீற் என்பது வீட்டுக்காரர் மனமிரங்கித் தருகிற உதவி என்றுதான் நினைக்கிறார்கள். இல்லை. ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தில் ஹீற் என்பது தண்ணீர், கரண்ட் மாதிரி அத்தியாவசியச் சேவை. செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் குறைந்தது 20 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ரொறன்ரோ மாநகரம் குளிர்காலத்துக்கு இன்னும் ஒரு பாகை கூட்டி 21 என்று வைத்திருக்கிறது, ஸ்காபரோ 1998இல் இருந்து அந்த மாநகரத்துக்குள்தான். ஆகவே உங்கள் பிள்ளைகளின் கணக்கு 21. ஹீற்றும் வாடகைக்குள் அடக்கம் என்று பேசித்தான் குடியேறினார்கள் என்றால், நடுவில் 150 டொலர் கேட்க வீட்டுக்காரருக்கு வழியே இல்லை. வாடகையைக் கூட்டுவதானாலும் 12 மாதத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் 90 நாளுக்கு முதல் எழுத்தில் அறிவித்து. குசினி வாசலில் நின்று வாயால் சொல்வது அறிவித்தல் ஆகாது.

16 பாகை என்றால் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். தை மாத மழையிலும் மட்டக்களப்பில் இரவு 22, 23க்குக் கீழே போவது அபூர்வம், அதற்கே நாம் போர்வை தேடுகிறோம். நுவரெலியாவில் இரவு யன்னலைத் திறந்துபோட்டுப் படுத்தால் எப்படி இருக்கும், அதை மாதக்கணக்கில் நினைத்துப் பாருங்கள். பேஸ்மென்றில் இன்னும் மோசம். முழு வீட்டையும் சூடாக்குகிற ஃபேர்னஸ் ஒன்றுதான், அதன் அளவைப் பார்க்கிற பெட்டி மேல் வீட்டு ஹோலில் இருக்கும், மேலே 21 ஆனதும் அது நின்றுவிடும், கீழே நிலம் சில்லிட்டுக் கிடக்கும். ஆகவே மேலே இருக்கிறவர் "எனக்கு வெக்கையாக இருக்கே" என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கீழே 21 வரவைப்பது அவருடைய பொறுப்பு. சில நேரம் பேஸ்மென்ற் கூரையில் இருக்கிற காற்றுத் துவாரத்தை யாரோ மூடிவிட்டிருப்பார்கள், முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அளவு. 10, 15 டொலருக்கு அறை வெப்பமானி ஒன்று கிடைக்கும், வாங்கட்டும். போனில் தெரிகிற வெதர் அப் வெளிக் குளிரைக் காட்டுவது. அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு ஆதாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நிறைய. வெப்பமானியை நிலத்தில் இருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரில் இருந்து ஒரு மீற்றர் தள்ளி வைக்க வேண்டும், விதியில் உள்ள முறை அதுதான். நிலத்தில் வைத்தோ யன்னலில் ஒட்டியோ எடுத்தால் அது செல்லாது என்று வாதாட இடம் கொடுக்கிறோம். காலையிலும் இரவிலும் படம், அதில் திகதியும் நேரமும் தெரிய வேண்டும். பிறகு மருமகன் வீட்டுக்காரருக்கு ஒரு மெசேஜ் போடட்டும். தமிழிலேயே போடலாம், இப்படிப் போதும்:

"மாமா, இன்று ஜனவரி 14 காலை 7 மணி, கீழ் அறை நடுவில் 16.5 பாகை, படம் இணைத்திருக்கிறேன். ரொறன்ரோ விதிப்படி 21 இருக்க வேணும். தயவுசெய்து இன்றைக்கே சரிசெய்து தாங்க. சுவரில் பூஞ்சணமும் பிடிக்குது, அதையும் வந்து பாருங்க."

மரியாதையாக, சண்டை இல்லாமல், எழுத்தில். வாயால் பத்துத் தடவை சொன்னதை விட இந்த ஒரு மெசேஜுக்குப் பெறுமதி கூட. ஓரிரு நாளில் அசையவில்லை என்றால் மாநகரத்தின் சேவைத் தொலைபேசி இலக்கமான 311க்கு அழைப்பு, மாநகர அலுவலர் வந்து பார்ப்பார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தமிழ் என்று சொன்னால் போதும். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தருவார்கள், அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விசா விஷயத்தை இங்கே உடைத்துச் சொல்லிவிடுகிறேன், நம்மட சனத்தின் வாயை அடைப்பதற்கு இதை விடப் பெரிய பூட்டு கிடையாது. குளிருக்கு முறைப்பாடு செய்ததால் படிப்பு விசாவோ வேலை பர்மிற்றோ போகாது. மாநகர அலுவலர் வேறு, குடிவரவுத் திணைக்களம் வேறு. ரொறன்ரோ மாநகரம் குடிவரவு நிலையைக் கேட்காமல் சேவை தருவது என்று 2013இலேயே தீர்மானம் எடுத்திருக்கிறது. உங்கள் பிள்ளைகள் முறையான விசாவில் இருக்கிறவர்கள், அவர்களுக்கு இந்தப் பயம் ஏன்? வீட்டுக்காரர் கையில் விசா இல்லை. ஏஜென்சிக்காரர் கையிலும் இல்லை.

அந்த ஏஜென்சிக்காரரைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன். கனடா குடிவரவு விஷயத்தில் காசு வாங்கி ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் மூன்று வகைதான்: லோயர் (கியூபெக்கில் நொத்தாரிசும்), சட்டச் சங்கத்தில் பதிந்த பராலீகல் (லோயர் அல்லாத சட்டப் பணியாளர்), குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (படிப்பிக்கிற இடமல்ல, ஆலோசகர்களைப் பதிகிற அமைப்பு) பதிந்த ஆலோசகர். அந்தக் கல்லூரி 2021 நவம்பரில் தொடங்கியது, அதன் பதிவேட்டை யாரும் இணையத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். டவுனில் கடை வைத்திருக்கிறவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு. அதை வைத்துக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு வாடகைப் பிணக்கைத் தீர்க்க முடியாது. 800 டொலர் கட்டினால் என்ன நடக்கும்? அவர் அங்கே தெரிந்த ஒருவருக்கு ஒரு கோல் எடுப்பார், அவர் இன்னொரு பேஸ்மென்றைக் காட்டுவார், அதற்கும் தனியாக ஒரு கமிஷன், மறுகா அங்கேயும் இதே குளிர். நகையை அடகு வைத்து இந்தக் காசைக் கட்டிய தாய்மாரைக் கண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். 311 இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சமூகச் சட்ட உதவி நிலையங்களும் இலவசம், ஸ்காபரோவிலேயே ஒன்று இருக்கிறது, தெற்காசியர்களுக்கென்று தனியாக இன்னொன்றும் ரொறன்ரோவில் இருக்கிறது.

வாடகையை நிறுத்திவைத்துப் பாடம் படிப்பிக்கலாம் என்று யாராவது மருமகனுக்குச் சொல்லியிருந்தால், கேட்க வேண்டாம். வாடகை கட்டாதவரை எழுப்புவது வீட்டுக்காரருக்கு லேசு, நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு அங்கேதான் கவிழும். மற்றபடி "நாளைக்கே வெளிக்கிடு" என்று அவர் சொல்ல முடியாது. எழுப்புவதற்கு, வீட்டுக்காரர்களுக்கும் வாடகையாளர்களுக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்க்கிற மாகாணச் சபையின் கட்டளை வேண்டும், அதைச் செயற்படுத்துவது ஷெரிஃப் என்கிற நீதிமன்ற அலுவலர், பூட்டை மாற்றுவதே குற்றம்.

அந்தச் சபையைப் பற்றிச் சொன்னால் எனக்குப் பொறுமை போய்விடும். அங்கே மனுப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருக்க வேண்டும். 2023இல், அரச சேவைகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கிற மாகாண ஒம்புட்ஸ்மனே அந்தத் தாமதங்களைப் பற்றித் தடித்த அறிக்கை ஒன்று எழுதினார். குளிருக்கு மாசியில் மனுப் போட்டவருக்கு வெயில் காலத்தில் திகதி கிடைத்தால் அது என்ன நீதி? ஆனாலும் மனுப் போட வேண்டும். நடந்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால்தான் எடுப்பார்கள், பிறகு வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச்சொல்லிக் கட்டளை வரலாம். உடனடிக் குளிருக்கு 311, நஷ்டத்துக்குச் சபை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி ஒரு விலக்கு இருக்கிறது, இதை மட்டும் நிதானமாக வாசியுங்கள், எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருந்தால், நான் மேலே சொன்ன வாடகையாளர் சட்டம் உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வீட்டுக்காரர் என்றால் அவர், அவருடைய மனைவி, அவர்களின் பிள்ளைகள், இருவரின் தாய் தகப்பன், அவர்களில் ஒருவர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். அண்ணன் தம்பி, மச்சான் இந்தக் கணக்கில் வராது. பேஸ்மென்றில் இன்னொரு வாடகைக் குடும்பத்தோடு குசினியைப் பகிர்ந்தால் பிரச்சினையில்லை, சட்டம் பொருந்தும். உடுப்புத் தோய்க்கிற மெஷினைப் பகிர்வதும் கணக்கில்லை. ஆனால் வீட்டுக்காரரின் அம்மா கீழே வந்து உங்கள் பிள்ளைகளின் அடுப்பில் தினமும் சமைக்கிறா, அப்படித்தான் முதலிலேயே பேசியது என்றால், அது வேறு கதை. "நாங்கள் சொந்தம்தானே, எல்லாரும் ஒரே குசினி" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் பிரச்சினை வந்ததும் இந்த விலக்கைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மகளிடம் முதலில் கேளுங்கள்: குசினி தனியா, பாத்ரூம் தனியா, வீடு எடுக்கும்போது இதைப் பற்றி என்ன பேசினீர்கள்? தனி என்றால் நிம்மதி. பொது என்றால் மெசேஜ் போடுவதற்கு முதல் சட்ட உதவி நிலையத்தோடு கதைக்க வேண்டும்.

"இந்த பேஸ்மென்றுக்குப் பர்மிற் இல்லை, முறைப்பாடு செய்தால் உங்களைத்தான் எழுப்புவார்கள்" என்றும் சொல்வார்கள். பர்மிற் இல்லாத பேஸ்மென்றில் இருக்கிறவருக்கும் வாடகையாளர் உரிமை உண்டு. மாநகரம் வீட்டுக்காரருக்கு அதைத் திருத்தச் சொல்லலாம், மூடவும் சொல்லலாம், அந்த ஆபத்து இருக்கிறது, மறைக்க மாட்டேன். பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

வீட்டுக்காரரின் அண்ணனிடம் ஏன் போகக் கூடாது என்றால், நீங்கள் அங்கே கதைத்த கையோடு விஷயம் குளிர் என்பதில் இருந்து குடும்ப மானம் என்பதற்கு மாறிவிடும். கோயிலில் கண்டால் முகம் கொடுக்க மாட்டார்கள், அங்கே பிள்ளைகள் இன்னும் வாயடைத்துப் போவார்கள், ஹீற் ஒரு பாகையும் ஏறாது.

ஹீற்றர் வாங்கினால் சிஎஸ்ஏ என்கிற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதாகப் பார்த்து அங்கேயே வாங்கட்டும். இங்கிருந்து அனுப்ப வேண்டாம், நம் கரண்ட் 230 வோல்ற், அவர்களது 120. சுவர்ப் பிளக்கில் நேரடியாகப் போட வேண்டும், எக்ஸ்ரென்ஷன் வயரில் போட்டால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். கட்டில், திரைச்சீலையில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி. நித்திரைக்குப் போகும்போது நிற்பாட்ட வேண்டும். காஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதோ சிரட்டைக் கரி போடுவதோ உயிருக்கே ஆபத்து, மணமில்லாத கார்பன் மொனொக்சைட் வாயு நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். காஸ் ஃபேர்னஸ் இருக்கிற வீட்டில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது 2014இல் இருந்து அங்கே சட்டம், கீழே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாம்பிராணிக்கு அலாரம் அடிக்கிறது என்று பற்றரியைக் கழற்றி வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பிப் போட வேண்டும்.

பூஞ்சணத்துக்குக் காரணம் குளிர்ந்த சுவரில் ஈரலிப்பு படிவது. கட்டிலைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போடட்டும், ஈர உடுப்பை அறைக்குள் காயப்போட வேண்டாம், சோறு வடிக்கும்போதும் குளிக்கும்போதும் காற்றாடி ஓட வேண்டும். வீடு 21க்கு வந்தால் பாதி தானாகக் குறையும்.

உடுப்பு விஷயமும் கேட்டிருந்தீர்கள். கொழும்பில் தடித்த ஜக்கெற் வாங்கி அனுப்புவது வீண் செலவு, அங்கே பழைய உடுப்புக் கடைகளிலேயே நல்லது கிடைக்கும். மகள் போனில் அழுவதற்கு வெளிச்சமும் ஒரு காரணம், மார்கழியில் அங்கே பின்னேரம் நாலே முக்காலுக்கே பொழுது பட்டுவிடும். மதியம் கொஞ்சம் வெளியே நடக்கட்டும், விற்றமின் டி பற்றி டொக்டரிடம் கேட்கட்டும்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. உள்ளே போகும்போது 'டமேஜ் டிப்போசிற்' என்று 500 வாங்கினாரா என்று கேளுங்கள். ஒன்ராறியோவில் அது செல்லாது, முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் முற்கூட்டியே வாங்கலாம், திறப்புக்கு அதன் பெறுமதியளவு சின்னத் தொகை ஒன்று, அதையும் போகும்போது திருப்பித் தர வேண்டும். டமேஜ் காசு கொடுத்திருந்தால் அதையும் ஒரு வருடத்துக்குள் சபையில் கேட்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டும், இதுவரை காசாகக் கொடுத்ததற்கு ரசீது கேட்டு மெசேஜ் போடட்டும், கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது அவர் கடமை. இனிமேல் வாடகை வங்கி வழியாக மட்டும். நம் நேரம் காலை ஏழரை என்றால் அங்கே முதல் நாள் இரவு ஒன்பது, மகளோடு கதைக்க அது நல்ல நேரம். 311 தருகிற முறைப்பாட்டு இலக்கத்தை அப்போது கேட்டு நீங்களும் ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.