பதவிப் பட்டியலைத் தாண்டி ஒரு தூதரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் மாணவி நான். ஐ.நா.வில் ஆப்கானிஸ்தானின் தூதராக இருந்த அப்துல் ரஹ்மான் பஜ்வாக் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். எங்கே தேடினாலும் அவர் வகித்த பதவிகள்தான் கிடைக்கின்றன. அவர் பிறந்தது ஆப்கன் நாள்காட்டியில் 1297 என்கிறார்கள். அதை எப்படி மாற்றுவது? ஆய்வேட்டில் எதை விரித்து எழுதுவது, எதைச் சுருக்குவது?

பதில்: ஆண்டுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஆப்கானிஸ்தானின் சூரிய ஹிஜ்ரி ஆண்டு மார்ச் 21 வாக்கில், நவ்ரூஸ் நாளில் பிறக்கிறது. 621ஐக் கூட்டினால் டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்குத்தான் சரியாக வரும். ஜனவரி முதல் அடுத்த நவ்ரூஸ் வரைக்கும் 622ஐக் கூட்ட வேண்டும். பஜ்வாக் பிறந்த ஹூத், ஆண்டின் கடைசி மாதம். ஆகவே அவர் பிறந்தது 1919 மார்ச் 7. மற்ற தேதிகளிலும் மாதத்தைப் பார்த்த பிறகே ஆண்டை மாற்றுங்கள்.

பதவிகளுக்கு ஒரு பத்தி போதும். கஜ்னியில் பிறந்தார், குடும்பத்தின் பூர்வீகம் நங்கர்ஹார் மாகாணத்தின் சுர்க்ரோத். காபூலில் ஹபீபியா பள்ளியில் படித்து, 'இஸ்லாஹ்' நாளிதழில் ஆசிரியராக இருந்து, வெளியுறவுப் பணிக்கு வந்தார். 1958 முதல் 1972 வரை ஐ.நா.வில் நிரந்தரப் பிரதிநிதி. பிறகு மேற்கு ஜெர்மனி, இந்தியா, பிரிட்டன் நாடுகளில் தூதர். கவிஞரும்கூட.

ஆய்வேட்டின் கனத்தை சுயநிர்ணய உரிமையின் மேல், அதாவது ஒரு மக்கள் தங்கள் அரசியல் நிலையைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையின் மேல், வையுங்கள். மனித உரிமை உடன்படிக்கைகளில் இந்த உரிமைக்கு இடம் தேட வேண்டும் என்று 1950இல் ஐ.நா.வில் முன்மொழிந்தவை ஆப்கானிஸ்தானும் சவூதி அரேபியாவும். காலனி நாடுகளை வைத்திருந்த அரசுகள் எதிர்த்தன. அந்தப் பத்தாண்டில், மனித உரிமை, சமூக விவகாரங்களைப் பேசும் பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் ஆப்கன் தரப்புக்காக விடாமல் வாதாடியவர் பஜ்வாக். ஐ.நா.வின் இரண்டு பெரிய மனித உரிமை உடன்படிக்கைகளிலும் முதல் உறுப்பு இன்று ஒரே வாசகத்தோடு சுயநிர்ணய உரிமையைச் சொல்கிறதென்றால், அதற்குப் பின்னால் இந்த வாதங்கள் இருக்கின்றன.

ஆப்கானிஸ்தானின் சொந்த நலனையும் மறைக்காமல் எழுதுங்கள். 1893இல் ஆப்கானிஸ்தானுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே வரையப்பட்ட டூரண்ட் எல்லைக் கோடு பஷ்தூன் மக்களை இரண்டாகப் பிரித்தது. 1947இல் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர்ந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். பாகிஸ்தான் பக்கத்துப் பஷ்தூன்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்ற பஷ்தூனிஸ்தான் கோரிக்கை மனதில் இருந்ததால்தான் காபூல் சுயநிர்ணயத்தை இத்தனை அழுத்திப் பேசியது. ஆனாலும் அந்த வாதம் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றுக்குத் துணையானது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் ஆய்வேடு புகழுரையாகிவிடும், அல்லது வசையாகிவிடும்.

இங்கே பலர் ஒரு இடத்தில் வழுக்கி விழுகிறார்கள். 1966 டிசம்பர் 16 அன்று அந்த இரண்டு உடன்படிக்கைகளும் நிறைவேறியபோது பொதுச்சபைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் பஜ்வாக். சமூக, பொருளாதார உரிமைகளுக்கான உடன்படிக்கைக்கு 105 வாக்கு, குடிமை, அரசியல் உரிமைகளுக்கானதற்கு 106. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. உடனே "அவர் நிறைவேற்றினார்" என்று எழுதிவிடாதீர்கள். தலைவர் வாக்களிப்பதில்லை, அவையை நடத்துகிறார், அவ்வளவுதான். அவருடைய பங்கு 1950களின் குழு அறையில் இருக்கிறது. அதே அமர்வில் அக்டோபர் 27 அன்று தென்மேற்கு ஆப்பிரிக்காவின் மீது, அதாவது இன்றைய நமீபியாவின் மீது, தென்னாப்பிரிக்காவுக்கு இருந்த ஆட்சிப் பொறுப்பை பொதுச்சபை ரத்து செய்தது. 1967 ஜூனில் ஆறு நாள் போரை ஒட்டிய அவசர அமர்வுக்கும் அவரே தலைமை தாங்கினார். இவற்றையும் இந்த அளவுகோலால் எடை போடுங்கள்.

அவருடைய பணியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமானால் 1963க்குப் போங்கள். தெற்கு வியட்நாமில் பௌத்தர்கள் ஒடுக்கப்படுவதாக எழுந்த புகாரை விசாரிக்க ஐ.நா. ஏழு நாடுகளின் குழுவை அனுப்பியது. இலங்கையும் நேபாளமும் அதில் இருந்தன, தலைவர் பஜ்வாக். அக்டோபர் 24 அன்று சைகோனில் இறங்கினார்கள். மூன்றே நாளில், குழு ஊரில் இருக்கும்போதே, இன்னொரு பிக்கு தீக்குளித்தார். நவம்பர் 1 அன்று ராணுவப் புரட்சி வெடித்தது. மறுநாள் அதிபர் தியெம் கொல்லப்பட்டார். விசாரிக்க வந்த அரசே இல்லாமல் போனது. ஆனாலும் குழு டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. பிக்குகள், அதிகாரிகள் எனப் பலரின் சாட்சியங்கள் அதில் இருக்கின்றன. ஆவண எண் ஏ/5630 (A/5630). அதிலிருந்து மட்டுமே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

இந்த ஆவணங்களை ஐ.நா. மின்னூலகத்தில் இலவசமாகத் தேடலாம். பொதுச்சபை நடவடிக்கைகள் 'ஏ/பிவி' (A/PV) என்று தொடங்கும்; உடன்படிக்கைகள் நிறைவேறிய கூட்டம் 1496. அவை சொல்லுக்குச் சொல் பதிவானவை, மேற்கோள் காட்டலாம். மூன்றாம் குழுவின் 'ஏ/சி.3/எஸ்ஆர்' (A/C.3/SR) பதிவுகள் அப்படியல்ல. "ஆப்கன் பிரதிநிதி கூறியதாவது" என்ற பாணியில் அதிகாரிகள் சுருக்கி எழுதியவை. அதிலிருந்து எடுத்து பஜ்வாக்கின் வாய்மொழிபோல மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

1978 ஏப்ரலில் காபூலில் இடதுசாரிகள் ஆட்சியைப் பிடித்ததும் லண்டன் தூதர் பதவியைத் துறந்தார். நாடு திரும்பியவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1982இல் சிகிச்சைக்காக வெளியேறி, அமெரிக்காவில் தஞ்சம் பெற்றார். 1991இல் பாகிஸ்தானின் பெஷாவருக்கு வந்தார். 1995 ஜூன் 8 அன்று அங்கேயே இறந்தார். நங்கர்ஹாரில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்களின் சுயநிர்ணயத்துக்காக வாதாடியவர் கடைசிக் காலத்தை அகதியாகக் கழித்த இந்தப் பகுதிக்கு ஐ.நா. காகிதங்கள் உதவாது. அவருடைய கவிதைகளைத்தான் தேட வேண்டும். அவற்றில் பல, ஆப்கானிஸ்தானில் 'தரி' எனப்படும் பாரசீகத்தில் எழுதப்பட்டவை. டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அலிகரிலும் பாரசீகத் துறைகள் இருக்கின்றன. உங்கள் நெறியாளரின் கடிதத்தோடு இப்போதே எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பு உதவி கிடைக்க நாளாகும்.