மூடிய கோப்பும் காலியாகுமா?

கேள்வி: பைத்தானில் ஒரு சின்னக் கணக்கு நிரல் வைத்திருக்கிறேன். ஏதாவது மாறினால் ஜேசன் கோப்பைத் திறந்து, முழுவதையும் திரும்ப எழுதி மூடிவிடும். கணினி லினக்ஸ். கரண்ட் போய் வந்த பிறகு பார்த்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் அளவு 0 பைட். மூடிய பிறகுமா தரவு தொலையும்? தடுக்க வழி உண்டா?

பதில்: தொலையும். உங்கள் நிரலில் ஆபத்தான வரி எழுதுகிற வரியல்ல, திறக்கிற வரி. 'டபிள்யூ' முறையில் (எழுதுவதற்காக) ஓப்பன் செய்த உடனேயே பழைய உள்ளடக்கம் வெட்டப்பட்டுக் கோப்பின் நீளம் 0 ஆகிவிடும். புதியதில் ஒரு எழுத்துகூட அப்போது உள்ளே போயிருக்காது. இதற்குக் கரண்ட் போகவேண்டும் என்றுகூட இல்லை. ஜேசனாக மாற்றமுடியாத ஒரு பொருள் தரவுக்குள் இருந்தால் ஜேசனாக எழுதும் 'டம்ப்' பாதியில் பிழை காட்டி நிற்கும். கோப்பு அரைகுறையாகக் கிடக்கும், பழையதும் போயிருக்கும்.

சரி, ஒழுங்காக எழுதி மூடியாயிற்று, அப்புறமும் ஏன்? ரைட் செய்தது முதலில் பைத்தானின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில் தங்கும். பஃபர் நிரம்பினாலோ, ஃப்ளஷ் அல்லது க்ளோஸ் செய்தாலோ இயங்குதளத்தின் கைக்குப் போகும். அங்கேயும் அது இருப்பது ராமில்தான், டிஸ்க்குக்குப் போகவேண்டியதை இயங்குதளம் தேக்கிவைக்கும் பேஜ் கேஷில். லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது சுமார் 30 நொடிவரைகூட டிஸ்க்கைத் தொடாமல் இருக்கலாம். நிரல் கிராஷ் ஆனால் பேஜ் கேஷில் இருப்பது தப்பிக்கும், கரண்ட் போனால் தப்பாது. கோப்பைத் திறக்கும்போது 'வித்' போட்டிருக்கிறேனே என்பார்கள் பலர். அது கோப்பை மூடும், அவ்வளவுதான்.

நீளம் 0 என்ற மாற்றம் டிஸ்க்கில் பதிந்து, புதிய தரவு பதியாமல் போனதைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 2009இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு) புதிதாகப் புழக்கத்துக்கு வந்தபோது இதே புகார் கிளம்பியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான தியடோர் சோ, நிரல்கள்தான் எஃப்சிங்க் (தரவை உடனே டிஸ்க்கில் பதியச் சொல்லும் கட்டளை) செய்யவேண்டும் என்றார், கூடவே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.30 பதிப்பில் பாதிப்பைக் குறைக்கும் மாற்றமும் வந்தது. அந்த மாற்றத்தை நம்பி நிரல் எழுதாதீர்கள்.

செய்யவேண்டியது: பழைய கோப்பைத் தொடவே கூடாது. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பு திறந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். ஃப்ளஷ் செய்து, பிறகு 'ஓஎஸ்' மாட்யூலின் 'எஃப்சிங்க்'கை அழையுங்கள். மூடியதும் அதே மாட்யூலின் 'ரீப்ளேஸ்' மூலம் பழைய பெயருக்கு மாற்றிவிடுங்கள். லினக்ஸில் இந்தப் பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும்: படிப்பவருக்குப் பழைய முழுக் கோப்பு கிடைக்கும், இல்லையென்றால் புதிய முழுக் கோப்பு. வரிசையை மாற்றி எஃப்சிங்க்குக்கு முன்பே ரீப்ளேஸ் செய்தால் பழைய கதைதான்.

அதே ஃபோல்டர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கணினியின் 'டெம்ப்' ஃபோல்டர் வேறொரு கோப்பு முறைமையில் இருந்தால் ரீப்ளேஸ் பிழையோடு நின்றுவிடும். பெயர்மாற்றமும் கரண்ட் போவதற்குள் பதிந்தே ஆகவேண்டும் என்றால் அந்த ஃபோல்டருக்கும் ஒரு எஃப்சிங்க் தேவை. விட்டாலும் பழைய கோப்பு முழுசாகவே இருக்கும், கணக்கு நிரலுக்கு அதுவே போதும். விண்டோஸிலும் ஓட்டுவதாக இருந்தால் ரீப்ளேஸுக்குப் பதில் 'ரீநேம்' வேண்டாம், அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் அங்கே அது மறுத்துவிடும்.

எஃப்சிங்க் மெதுவானது. நொடிக்குப் பலமுறை மாறுகிற தரவு என்றால் இந்த வழி இழுக்கும். அப்போது ஜேசனை விட்டு எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள். பைத்தானோடு வழக்கமாகக் கூடவே வருகிறது, மாறிய பகுதியை மட்டும் எழுதும், பாதியில் கரண்ட் போனாலும் தன் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் கோப்பை) பார்த்துத் தானே பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும்.