போல்ட்டு நட்டு: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, பைக் நம்பர் பிளேட்டுக்கு '10 நம்பர் போல்ட்டு' கேட்டு வாங்கினேன். ஓட்டைக்குள்ளேயே போகலை.

பதில்: 10 என்பது ஸ்பானர் நம்பர், தம்பி. மெக்கானிக் அப்படித்தான் பேசுவார். கடைக்காரருக்கு மரையின் தடிமன்தான் கணக்கு, அவர் 10 எம்எம் கொடுத்துட்டார். உங்களுக்கு வேண்டியது 6 எம்எம். அதே மாதிரி 8 எம்எம் போல்ட்டுக்கு ஜப்பான் வழி வண்டிகளில் 12 நம்பர் தலை இருக்கும், கடையில் 13தான் கிடைக்கும். இரண்டுக்கும் மரை இடைவெளி பொதுவா 1.25 எம்எம்தான், மாட்டலாம். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போங்க. புதுசோட மரைக்கு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடிங்க, நடுவே சந்து தெரிஞ்சா வேண்டாம்.

மேலப்பாளையம்: விலை குறைவா எங்கே கிடைக்கும்?

பதில்: ஸ்பேர் கடையில் பாக்கெட்டா வாங்காதீங்க. போல்ட்டு நட்டு கடையில் சில்லறையா வாங்குங்க. பிரேக், சக்கரம் இரண்டுக்கும் மட்டும் கம்பெனி போல்ட்டுதான்.

உவரி: கடல் காத்துல எல்லாம் துருப்பிடிக்கு. மொத்தமா எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு மாத்திரட்டா?

பதில்: மட்கார்டு, நம்பர் பிளேட்டுக்குப் போடுங்க. பிரேக்குக்கு வேண்டாம். அலுமினிய இன்ஜினில் போட்டாலும் உப்புக் காத்துல அலுமினியம்தான் அரிக்கும்.

தூத்துக்குடி: என்ன அண்ணாச்சி, எஸ்எஸ்தானே பலம்? விலையும் கூட!

பதில்: விலை கூடினா பலமும் கூடுமாவே? சாதா ஸ்டீல் போல்ட்டுத் தலையில் 8.8னு இருந்தா இழுவைப் பலம் 800 நியூட்டன், அதில் எண்பது சதவீதம், அதாவது 640 நியூட்டன் வரைக்கும் நிரந்தரமா நீளாது. இது சதுர மில்லிமீட்டர் கணக்கு. கடையில் கிடைக்கிற ஏ2-70ங்கிற ரக எஸ்எஸ் 450லேயே நீள ஆரம்பிச்சிரும்.

தூத்துக்குடி: நான் டிஸ்க் பிரேக்கில் போட்டு ஓட்டிக்கிட்டுதானே இருக்கேன்!

பதில்: இன்னைக்கே கழற்றும். எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டு போட்டு வேகமா முறுக்கினா இரண்டும் ஒட்டிக்கிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவும்வே. அதுவும் மட்கார்டுக்குத்தான் சொல்றேன், பிரேக்குக்கு இல்லை.

வள்ளியூர்: பழைய புல்லட்டு. 8 எம்எம் இரண்டு சுத்து ஏறுது, அப்புறம் இறுகுது.

பதில்: நிறுத்துங்க! அது 'சைக்கிள் மரை'ங்கிற பழைய பிரிட்டிஷ் அங்குல மரையா இருக்கலாம்: 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. தடிமன் 7.94 எம்எம், அதான் ஏமாத்துது. மரை இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஸ்பானர் போட்டு இறுக்கினா ஓட்டையின் மரையே போயிரும். மரை இடைவெளி அளக்கிற பிட்ச் கேஜ் வச்சிருக்கிற லேத்துக்குப் போய்ப் பாருங்க.

நாங்குநேரி: குறைஞ்ச விலைக்கு எங்கே கிடைக்கும்?

பதில்: மேலப்பாளையத்துக்குச் சொன்னதைப் படிங்க.

தென்காசி: பழைய இரும்புக்கடை போல்ட்டு வாங்கலாமா?

பதில்: மட்கார்டுக்கு வாங்கலாம். நட்டைக் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பாருங்க. நடுவில் இறுகினா, போல்ட்டு நீண்டிருக்கலாம், மரை நசுங்கியிருக்கலாம். எதுவானாலும் வேண்டாம். பிரேக்குக்குன்னு கேட்க வந்தா, கேட்காதீங்க.

பேட்டை: சைலன்ஸருக்கு நைலாக் நட்டு?

பதில்: சூட்டில் உள்ளே இருக்கிற நைலான் உருகிரும். பித்தளை நட்டு போடுங்க.