தகேடா மலைக்கோட்டை: வெறும் கல்தானா?

வணக்கம் சார்,

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஜப்பானியக் கோட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நவம்பரில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். மேகத்துக்கு மேலே மிதக்கிற தகேடா கோட்டையின் படத்தை அம்மாவுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கட்டாயம் போக வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். அலுவலக நண்பர்களிடம் கேட்டால், "அங்கே ஒன்றும் இல்லை, வெறும் கல்தான். ஹிமேஜி கோட்டைக்குப் போ" என்கிறார்கள். உண்மையிலேயே மேலே பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? இவ்வளவு பேர் தேடி வருகிற இடத்தில், ஒசாகாவில் கட்டியது போல ஒரு கோட்டையைத் திரும்பக் கட்டினால் என்ன? இன்னொன்று, அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏறிவிடுவாரா?

கே., ஒசாகா

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்கள் சொல்வது பொய் இல்லை. தகேடாவின் உச்சியில் ஒரு கட்டடம்கூட இல்லை. கதவு இல்லை, கூரை இல்லை. ஆனால் "வெறும் கல்" என்று அவர்கள் சொல்வதுதான் அங்கே போய்ப் பார்க்க வேண்டிய பொருள். அம்மாவை அழைத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி. அது கோட்டையில் நின்று எடுத்தது அல்ல. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கிழக்கே அசாகோ மலைச் சரிவில் ரிட்சுன்கியோ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால்தான் கோட்டை மேகத்தில் மிதக்கும். கோட்டைக்குள் நிற்பவருக்குக் கீழே பஞ்சுப்பொதியாகப் பனிமூட்டம் தெரியும், சில நாள் அதுவே மேலேறி வந்து அவரை மூடிக்கொள்ளும். கோட்டை மிதப்பதை அவர் பார்க்க முடியாது. ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பி, குறுக்கும் நெடுக்கும் ஓடி, இரண்டையும் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

அந்த மூட்டத்துக்குக் காரணம் மலையடியில் ஓடும் மருயாமா ஆறு. இலையுதிர் காலத்தில் பகல் இதமாகவும் இரவு நல்ல குளிராகவும் இருக்கும். வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆற்றிலிருந்து எழும் ஈரம் விடிவதற்குள் பள்ளத்தாக்கை நிரப்பிவிடும். வெயில் ஏறி எட்டு மணி வாக்கில் கலையத் தொடங்கும். கோட்டை நிற்கிற மலை 353 மீட்டர்தான். ஆனால் மூட்டத்தின் மேல்மட்டமும் அதை ஒட்டியே இருப்பதால், உச்சி மட்டும் தீவு மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முடியும் வரை இதற்கு வாய்ப்பு உண்டு. வாய்ப்பு மட்டும்தான், உத்தரவாதம் கிடையாது. மூட்டம் இல்லாத நாளிலும் அம்மா ஏமாறக் கூடாது என்பதால்தான் மற்றதை விரிவாக எழுதுகிறேன்.

மலைமேல் முதலில் கோட்டை கட்டியவர் யமானா சோசென் என்ற பெரிய பிரபு. அது 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அவருடைய ஆட்களான ஓட்டகாகி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்தார்கள். அந்தக் காலத்து மலைக்கோட்டைகள் பெரும்பாலும் மண் வேலைதான். மலைமுகட்டை வெட்டித் தட்டையாக்குவார்கள், எதிரி வரக்கூடிய முகட்டுப் பாதையைக் குறுக்கே வெட்டிப் பள்ளமாக்குவார்கள், வேலி போடுவார்கள். அப்படிப்பட்ட கோட்டைகள் ஜப்பான் முழுக்க ஆயிரக்கணக்கில் காட்டுக்குள் புதைந்து கிடக்கின்றன. 1577-இல், பின்னாளில் ஜப்பானையே ஒரு குடைக்குள் கொண்டுவந்த தளபதி ஹிடேயோஷியின் படை இந்தப் பக்கம் வந்தது. அவருடைய தம்பி ஹிடேநாகா தகேடாவைப் பிடித்தார். தெற்கே இகுனோவில் வெள்ளிச் சுரங்கம் இருக்கிறது. அந்த வெள்ளியைக் கையில் வைத்திருப்பவனுக்கு இந்த மலையும் வேண்டும்.

இன்று நாம் பார்க்கும் கற்சுவர்கள் கடைசிக் கோட்டைத் தலைவரான அகாமட்சு ஹிரோஹிடேயின் காலத்தவை. 1585-இல் அவருக்கு இந்தக் கோட்டை கொடுக்கப்பட்டது. அவர் சிறிய பிரபு. அவருடைய வருமானத்தில் இப்படி ஒரு கல்கோட்டையைத் தனியாகக் கட்டியிருக்கவே முடியாது. வடக்கு தெற்காக 400 மீட்டர், கிழக்கு மேற்காக 100 மீட்டர், அத்தனையும் மலை உச்சியில். ஹிடேயோஷியின் கை இதில் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

சரி, உள்ளே போவோம். பிரதான வாயில் இருந்த இடத்தில் பாதை நேராகப் போகாது. சுவரில் முட்டி, செங்குத்தாகத் திரும்பி, மறுபடியும் திரும்பித்தான் மேலேறும். அம்மாவிடம் அந்தத் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்று தலையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பக்கமும் சுவர். மேலே வில்லும் துப்பாக்கியுமாக ஆட்கள் நின்றிருந்தால் கீழே இருப்பவருக்கு ஓட இடமில்லை. இதைப் புரிந்துகொள்ளக் கதவோ காவல் மாடமோ தேவையில்லை, கால் திரும்பும்போதே உடம்புக்குத் தெரிந்துவிடும். இந்த மாதிரித் திருப்பங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றைக் கடந்து போனால் நடுவில், எல்லாவற்றுக்கும் உயரத்தில், பிரதான கோபுரம் நின்ற மேடை இருக்கிறது. அங்கிருந்து மூன்று திசைகளில் திடல்கள் இறங்கிப் போகின்றன. தெற்குக் கோடியில் ஒரு பெரிய திடல், வடக்குக் கோடியில் இன்னொன்று. இரண்டு கோடிகளின் உயரத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். கரடுமுரடான மலைமுகட்டில் இதைச் சாதித்தவர்களின் கண்ணளவை நினைத்தால் எனக்கு மலைப்பு தீருவதே இல்லை.

அடுத்து சுவருக்குப் பக்கத்தில் போங்கள். தொட வேண்டாம், பார்த்தால் போதும். அந்த மலையிலேயே எடுத்த கற்கள். பெரும்பாலானவற்றில் உளி படவே இல்லை, கிடைத்த வடிவத்திலேயே வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. வெளியே தெரிவது கல்லின் சிறிய முகம், நீளமான உடம்பு சுவருக்குள் போயிருக்கிறது. பெரிய கற்களுக்கு நடுவில் கைமுட்டி அளவுக் கற்களைத் திணித்திருக்கிறார்கள். அவற்றுக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சரளைக்கல் அடுக்கு ஒன்று உண்டு. மழைநீர் அதன் வழியாக வடிந்து இடுக்குகளில் வெளியேறிவிடும், சுவர் வயிறு தள்ளாது. மூலைக்கு வந்தால் வேலையே வேறு. அங்கே நீளமான கற்களாகப் பொறுக்கி, ஒரு வரியில் நீளப்பக்கம் இந்தச் சுவரோடு, அடுத்த வரியில் அந்தச் சுவரோடு என்று மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். கீழிருந்து மேலே கண்ணை ஓட்டினால் மூலை ஒரே கோடாக ஏறும். சில இடங்களைச் சென்ற நூற்றாண்டில் செப்பனிட்டிருக்கிறார்கள். மற்றபடி நானூறு ஆண்டு மழையையும் பனியையும் நிலநடுக்கத்தையும் பார்த்தவை இந்தச் சுவர்கள்.

கட்டியவர்கள் பிவா ஏரிக்கரையில் சகமோட்டோ பக்கத்து அனோ ஊர்க் கல்தச்சர்கள் என்று சொல்லப்படுகிறது. ஹிடேயோஷியின் தலைவரான நோபுனாகா கட்டிய அசுச்சி கோட்டைக்குப் பிறகு நாடெங்கும் தேடப்பட்டவர்கள் அவர்கள். பிரபுக்களின் பெயர்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. தகேடாவின் சுவர்களில் ஒவ்வொரு கல்லையும் கையில் புரட்டிப் பார்த்து, இது இங்கேதான் உட்காரும் என்று முடிவு செய்தவர்களில் ஒருவரின் பெயர்கூட நமக்குக் கிடையாது. ஹிமேஜிக்கு மேலாகத் தகேடாவை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மரமும் வெள்ளைச் சாந்தும் மறைக்காததால், இங்கே அவர்களுடைய வேலை மட்டுமே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

ஹிரோஹிடேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு இது பிடிக்கும். அவர் படிப்பில் நாட்டமுள்ளவர். கன்பூசிய அறிஞர் புஜிவாரா செய்காவின் நெருங்கிய நண்பர். ஹிடேயோஷி கொரியா மீது நடத்திய இரண்டாவது படையெடுப்பில் காங் ஹாங் என்ற கொரிய அறிஞர் 1597-இல் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டார். செய்காவும் ஹிரோஹிடேயும் அவரைக் கைதியாக நடத்தவில்லை, ஆசிரியராக நடத்தினார்கள். செவ்வியல் நூல்களை அவரைக்கொண்டு படி எடுக்க வைத்தார்கள், அதற்கு ஆதரவு கொடுத்தவர் ஹிரோஹிடே. 1600-இல் காங் ஹாங் ஊர் திரும்பினார். அதே ஆண்டில்தான், ஹிடேயோஷி இறந்த பிறகு நாட்டின் தலைமைக்காகக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு அணிகள் மோதிக்கொண்ட செகிகஹாரா போர். ஹிரோஹிடே முதலில் மேற்கு அணியில் இருந்தார், அது தோற்றதும் கிழக்கு அணியோடு சேர்ந்து டொட்டோரி கோட்டையைத் தாக்கப் போனார். அந்தத் தாக்குதலில் கோட்டைக்குக் கீழிருந்த ஊர் எரிந்தது. பழி அவர் மேல் விழுந்தது. கிழக்கு அணியின் தலைவர் இயேயாசுவின் கட்டளைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். செய்கா அவருக்காக இரங்கற்பாக்கள் எழுதினார். தகேடாவுக்கு அதற்குப் பிறகு தலைவர் கிடையாது, கோட்டை கைவிடப்பட்டது. அவ்வளவு பெரிய கல்வேலை, முடிந்து சில ஆண்டுகள்கூடப் புழங்கப்படவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஒசாகாவில் இருக்கும் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே அருங்காட்சியகமும் லிஃப்டும் உண்டு. அந்த ஊர் மக்கள் பணம் திரட்டிக் கட்டியது அது, இன்று அதற்கே ஒரு வரலாறு சேர்ந்துவிட்டது, நான் குறை சொல்ல மாட்டேன். தகேடாவில் அதைச் செய்யக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். அங்கே நின்ற கோபுரம் எப்படி இருந்தது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை, கட்டினால் அது நம்முடைய கற்பனையாகத்தான் இருக்கும். அந்தக் கற்பனைக்கு அஸ்திவாரம் போட உண்மையான மேடையைத் தோண்ட வேண்டியிருக்கும். 1943-லேயே அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். மண்ணுக்கு அடியில் இருப்பதும் அந்தச் சின்னத்தில் சேர்த்திதான்.

மண் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2012-இல் வந்த ஒரு திரைப்படத்தில் இந்த இடம் காட்டப்பட்டது, மேகப் படங்களும் பரவின, 2013-இல் வருகையாளர் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை கால்களை அந்த உச்சி தாங்கவில்லை. மண் அரித்துப்போய்ச் சுவரோரக் கற்களின் வேர் தெரிந்தது. நானூறு ஆண்டாகப் புதைந்திருந்த கூரை ஓடுகள் மேலே வந்து மிதிபட்டு உடைந்தன. அதற்குப் பிறகுதான் பாதையை ஒருவழியாக்கி, மிதிக்கும் இடங்களில் விரிப்பு போட்டு, சுவர் விளிம்புகளில் கயிறு கட்டினார்கள். விரிப்பின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு ஓட்டுத் துண்டு ஏதாவது மண்ணில் பதிந்திருப்பது தெரியும். ஹிரோஹிடேயின் கூரையில் இருந்தது அது. தயவுசெய்து யாரும் கையில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஒரே ஓர் அடி கயிற்றைத் தாண்டினால் என்ன என்று தோன்றும். தாண்டாதீர்கள்.

ஹிமேஜிக்கும் போங்கள், ஆனால் தகேடாவுக்கு அடுத்த நாள். 1609-இல் எழுந்த அந்த வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறவர்கள், கமியமசாட்டோ என்ற உள்முற்றத்தின் கீழ்ச் சுவரைக் கவனிப்பதில்லை. அது அதற்கு முந்தைய கோட்டையின் சுவர், ஹிடேயோஷியின் காலத்தது. உளி படாத அதே மாதிரிக் கற்கள். தகேடாவைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும்.

அப்பாவின் முழங்கால்தான் எனக்குக் கவலை. தகேடா ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மலைப்பாதை ஏறுகிறது, முக்கால் மணி நேரம், நல்ல செங்குத்து. அது அவருக்கு வேண்டவே வேண்டாம். நிலையத்திலிருந்து பகலில் ஒரு பேருந்து மலையின் பாதிக்கு மேல் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இருபது நிமிடம் தார்ச்சாலை ஏற்றம், நின்று நின்று போகலாம். கடைசியில் கோட்டைக்குள் வரும் கற்படிகள் உயரம் ஒரே மாதிரி இருக்காது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும், அங்கே நீங்கள் அவருக்கு முன்னால் இறங்குங்கள். ஊன்றுகோல் கொண்டுபோனால் முனையில் ரப்பர் மாட்டியதாக இருக்கட்டும், கூர்முனை மண்ணைக் கிளறும். மேகத்தைப் பார்க்க விடியற்காலையில் ரிட்சுன்கியோவில் இருக்க வேண்டும். ஒசாகாவிலிருந்து முதல் ரயில் பிடித்தால் நேரம் தாண்டிவிடும், அதனால் முந்தின இரவு தகேடாவிலோ பக்கத்து நிலையமான வடயாமாவிலோ தங்குங்கள். டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரிட்சுன்கியோவில் உச்சிப் பார்வை மேடைக்கு முக்கால் மணி நேரம் ஏற வேண்டும், கீழே இருக்கிற மேடை வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிடம்தான். அப்பாவுக்கு அது போதும். கம்பளிச் சட்டையும் கை விளக்கும் மறக்க வேண்டாம், விடியும் முன் அங்கே குளிர் எலும்பைத் தொடும்.

மேலே போகவே முடியவில்லை என்று அப்பா சொன்னால் வற்புறுத்தாதீர்கள். நிலையத்துக்குப் பின்னால் மலையடியில் கோயில்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு இருக்கிறது, அதை ஒட்டிய கால்வாயில் கெண்டைமீன்கள் நீந்தும். அந்த வரிசையில் ஹோஜுஜி என்ற கோயிலில் ஹிரோஹிடேயின் கல்லறை இருக்கிறது. நீங்களும் அம்மாவும் ஏறி இறங்கும் வரை அவர் அங்கே நிதானமாக இருக்கலாம். ஜனவரி தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முடிய மலையை மூடிவிடுவார்கள் என்பதால் பயணத்தை அந்தப் பக்கம் மட்டும் தள்ளிப் போடாதீர்கள். தேதி முடிவானதும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்