பிரிண்டரில் பேப்பர் சிக்குதா? வாசகர் கேள்விகள்

கே: ஆபீஸ் பிரிண்டரில் அடிக்கடி ஜாம் ஆகிறது. என்ன செய்வது?

ப: என்ன மாடல், பேப்பர் எங்கே நிற்கிறது, எதையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். ட்ரே வாயிலேயே நின்றால் தாளை உள்ளே இழுக்கும் பிக்கப் ரோலரில் கோளாறு, பின்பக்கம் சுருண்டு நின்றால் டோனர் என்கிற மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃப்யூசரில். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: மழைக்காலத்தில் மட்டும் இரண்டு மூன்று தாள் சேர்ந்து போகிறது.

ப: ஈரம். ட்ரேயில் அன்றைக்குத் தேவையானதை மட்டும், நன்றாக விசிறிவிட்டு வையுங்கள். மீதி ரீமை உறையோடு மூடி, தரையில் படாமல் அலமாரியில் வைக்கலாம். வெயில் வந்தும் நிற்கவில்லையென்றால், தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும் செப்பரேஷன் பேட் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

கே: சிக்கனத்துக்காக ஒரு பக்கம் அடித்த தாள்களைத் திருப்பிப் போடுகிறோம். அதனால்தான் சிக்குகிறதா?

ப: வேறு எதனால்? எந்த ஆபீசுக்குப் போனாலும் இதே கதைதான். ஒருமுறை லேசரில் போன தாள் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டைப் பார்த்துவிட்டு லேசாக வளைந்து வந்திருக்கும், அதில் ஸ்டேப்ளர் பிடுங்கிய ஓட்டை, மடிந்த மூலை, நாலு நாள் ஃபைலில் கிடந்த சுருக்கம் எல்லாம் சேர்ந்து ரோலருக்குள் போனால் நேராகவா வரும்? பழைய டோனரும் மறுபடி இளகி ஃப்யூசரில் ஒட்டும். யாரோ எடுக்க மறந்த ஒரே ஒரு பின் போதும், ஃப்யூசர் ஃபிலிமில் கோடு கிழித்துவிடும், அப்புறம் அடிக்கிற ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கோடு. 500 தாள் கொண்ட ரீம் 300 ரூபாய் என்றால் தாளுக்கு 60 பைசா. அதை மிச்சம் பிடிக்கப் போய் ரிப்பேருக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறார்கள், கேட்டால் மிஷின் சரியில்லையாம்! சிக்கனம் வேண்டுமா, புதுத் தாளிலேயே டூப்ளெக்ஸ், அதாவது இரண்டு பக்கமும், போடுங்கள். பழைய தாளை வெட்டி ரஃப் நோட்டாகத் தையுங்கள்.

கே: ஸ்டாம்ப் பேப்பரில் அடிக்கலாமா?

ப: மேனுவல் ஃபீடில், அதாவது தாளைக் கையால் செருகும் வாயில், ஒவ்வொன்றாக. பிரிண்ட் செட்டிங்கில் பேப்பர் வகையைக் கனமான தாள் என்றும், அளவை அந்தத் தாளின் சரியான அளவு என்றும் வையுங்கள். முதலில் அதே அளவு வெள்ளைத் தாளில் அடித்துப் பாருங்கள்.

கே: உள்ளே பேப்பரே இல்லை, ஆனாலும் ஜாம் என்கிறது.

ப: போன தடவை வெடுக்கென்று இழுத்திருப்பீர்கள். சுவிட்சை அணைத்து, ஃப்யூசர் ஆறிய பிறகு, பேப்பர் போகிற திசையிலேயே, இரண்டு கையாலும். எத்தனை தடவை எழுதினாலும் யாரும் கேட்பதில்லை. கிழிந்த துண்டுகளை மேசையில் ஒட்டவைத்துப் பாருங்கள், ஒரு மூலை குறையும். அது, தாள் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரின் கருப்பு பிளாஸ்டிக் நாக்குக்கு அடியில் இருக்கும்.

கே: ரோலரை பெட்ரோல் தொட்டுத் துடைக்கலாமா?

ப: கூடாது, ரப்பர் போய்விடும். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். சுவிட்சை அணைத்துவிட்டு!