சும்மா இருப்பவரின் கணக்கு

கேள்வி: பொறியியல் படித்த என் மகன் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் சும்மா இருக்கிறான். பக்கத்தில் திருப்பூரிலோ சுவருக்குச் சுவர் 'ஆட்கள் தேவை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்துக்குக் காரணம் அரசா, இளைஞர்களின் சோம்பலா? அதைக் குறைக்க என்ன வழி?
(ஒரு தந்தை, அவினாசி)

பதில்: காரணம், விளைவு, தீர்வு மூன்றையும் ஒரே அஞ்சலட்டையில் அடக்கியிருக்கிறீர்கள். என் கண் நின்றது 'சும்மா' என்ற சொல்லில். தமிழில் அதைப்போல் ஓயாமல் உழைக்கும் சொல் வேறில்லை. 'சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்' என்பவர் கடன் கேட்க வந்திருப்பார். 'சும்மா சொன்னேன்' என்பவர் நெஞ்சில் இருந்ததை முழுதும் கொட்டிவிட்டிருப்பார். ஏதாவதொன்று 'சும்மா கிடைக்கிறது' என்றால் தேர்தல் நெருங்கிவிட்டது. நம் ஞானிகள் சும்மா இருப்பதையே பெரும்பேறாகப் பாடிவைத்தார்கள். அவர்களில் எவருக்கும் கல்விக்கடன் தவணை இருந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் மகன் சும்மா இருப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள். அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளாது. வாரக் கணக்கு முறையில், முந்தைய ஏழு நாள்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். உங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருந்து, நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர் சம்பளமில்லாமல் பருப்பு நிறுத்துக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். 'குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன், இப்போது வேறு வேலைக்குப் போவதாக இல்லை' என்று அவர் சொன்னால், உழைப்பாளர் தொகைக்கே வெளியே போய்விடுவார். வேலையில் இருப்பவரும் அல்லர், இல்லாதவரும் அல்லர். 'வேலை கிடைத்தால் போகத் தயார்' என்றால் மட்டுமே அவர் வேலையற்றவர். ஒரே பையன், ஒரே திண்ணை, மூன்று கட்டங்கள்.

இதனால்தான் விழுக்காட்டை வைத்துக்கொண்டு ஆடுபவர்களையும் அழுபவர்களையும் நான் ஒருசேரச் சந்தேகிக்கிறேன். ஆண்டு முழுவதையும் பார்க்கும் இன்னொரு கணக்கு முறையில், 2017-18இல் 6.1 ஆக இருந்த இந்தியாவின் வேலையின்மை விகிதம் 2023-24இல் 3.2 ஆகக் குறைந்தது. நல்லது. அதே காலத்தில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52 விழுக்காட்டிலிருந்து 58 ஆக உயர்ந்தது. குடும்பத் தொழிலில் கூலியின்றிக் கைகொடுப்பவர்களும் அதில் அடக்கம். சுருங்கிவந்த வேளாண்மையின் பங்கு மீண்டும் ஏறி 46 விழுக்காட்டைத் தொட்டது. நாடு வளரும்போது மக்கள் வயலைவிட்டு ஆலைக்குப் போவதுதான் வழக்கம். இங்கே ஊருக்குத் திரும்பி அண்ணன் தம்பிகளோடு ஒரே வரப்பில் நின்றார்கள். இருவர் செய்யக்கூடிய வேலையை நால்வர் செய்தால் அதற்குப் பெயர் மறைமுக வேலையின்மை. வேலையின்மையை ஏழு வகையாகப் பிரித்து ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்யவைக்கும் பாடநூல்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. 'பிறழ்ச்சி வேலையின்மை' (ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே சும்மா இருக்கும் காலம்) என்பதைப் பிழையில்லாமல் எழுதிய மாணவருக்கு அதன் பொருள் விளங்குவதற்குள் அந்த நிலையே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் இந்த மறைமுக வேலையின்மைக்காக மட்டும் அந்த நூல்களை மன்னித்துவிடலாம்.

இன்னொரு விந்தையும் உண்டு. எழுத்தறியாதவர்களிடையே வேலையின்மை ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களிடையே அது ஆறு விழுக்காட்டுக்கு மேல். படிப்பு கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் அல்ல. சும்மா இருக்கவும் வசதி வேண்டும். அன்றாடம் அரிசி வாங்குகிறவர் எந்தக் கூலிக்கும் போயாக வேண்டும். உங்கள் மகனுக்குச் சோறு போட நீங்கள் இருக்கிறீர்கள்.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். நானும் படித்திருக்கிறேன்: 'ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர் தேவை'. பொறியாளர் தேவை என்று அதில் இல்லை. பீஸ் ரேட் கணக்கில் தைப்பவருக்கு ஆர்டர் வந்தால் இரவு ஷிப்டும் உண்டு, ஆர்டர் நின்றால் பகலும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தையல் நேரத்தைக் குறைத்தன. அந்த வாரத்தில் பனியன் தைப்பவர்களுக்குத் திடீரென்று சோம்பல் பிடித்துவிட்டதா? 1929இல் சுமார் 3 விழுக்காடாக இருந்த அமெரிக்க வேலையின்மை 1933இல் 25ஐ ஒட்டி நின்றது. நான்கே ஆண்டில் ஒரு நாட்டில் நாலில் ஒருவருக்குச் சோம்பல் தொற்றியது என்று நம்புவதற்கு மிகுந்த சுறுசுறுப்பு வேண்டும். வாங்குவோர் கையில் பணம் இல்லாவிட்டால் சரக்கு நகராது, சரக்கு நகராவிட்டால் ஆள் தேவைப்படாது என்றுதான் பொருளியலறிஞர் கெயின்ஸ் அந்தக் காலத்தில் வாதாடினார்.

சோம்பல் காரணமல்ல என்றேன், விளைவாக வரக்கூடும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில் 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஊரே வேலை இழந்தது. மாரீ யஹோதா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய், கையில் கடிகாரத்தோடு சன்னலருகே அமர்ந்து, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தை அளந்தார்கள். வீட்டுவேலை இருந்த பெண்கள் விரைந்து போனார்கள். ஆண்கள் மெதுவாக நடந்து, நடுவழியில் நின்று நின்று போனார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அன்று என்ன செய்தோம் என்று கேட்டால் அவர்களுக்கே நினைவில்லை. உங்கள் மகன் சாப்பிட்டுவிட்டு எழுந்து கைகழுவப் போகும் வேகத்தைப் பாருங்கள்; நான் சொல்வது புரியும்.

தீர்வு கேட்டீர்கள். கிராமத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறு நாள் வேலையைக் குறைசொல்லாத பண்ணையார் இல்லை; அந்தக் குறையே அதற்கு நற்சான்று. போக இன்னொரு இடம் இருந்ததால்தான் கூலிக்காரர் பேரம்பேச முடிந்தது. படித்தவர்களின் கதை வேறு. தமிழகத்தில் 2024 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். கோப்புகளின் மேல் கொண்ட காதலாலா? மாதத்தின் கடைசியில் சம்பளம், நோய் வந்தால் விடுப்பு, காரணம் சொல்லாமல் நீக்க முடியாத நாற்காலி, இவை அங்கே மட்டும் கிடைப்பதால். இவற்றைத் தனியாரும் தந்தாக வேண்டும் என்று ஆக்கினால் அந்த வரிசை பாதியாகக் குறையும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய அரசே 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களுக்குக் கணக்கில்லை. காலியிடங்களை உரிய ஊதியத்தில் நிரப்புவதை முதல் வேலையாக அரசு செய்யட்டும். திறன் வளர்ப்பு மேடைகளைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. பொறியியல் பட்டதாரி அதற்கும் விண்ணப்பிக்க முடியாது; தொழிற்கல்வி படித்தவருக்கு வேலை கிடைக்காமலா போகும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள்.

ஒன்று கவனித்தேன், ஐயா. உங்கள் அட்டையில் கேள்வி ஒரு கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் முகவரி வேறு கையெழுத்தில், இயந்திர வரைபடத்தில் எழுதுவதுபோல் நிமிர்ந்த எழுத்துகளில் இருக்கிறது. உங்கள் மகன்தான் எழுதிக் கொடுத்தார் என்றால், 'சோம்பல்' என்று நீங்கள் எழுதியதையும் அவர் படித்திருப்பார்.